ஸ்டெதஸ்கோப்பும் சூரணமும்: மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருந்தியல் பாடம் நடத்துகிறவன் நான். எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி என்று மூன்று பிரிவு மாணவர்களும் என்னிடம் வருகிறார்கள். சித்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலரும் எழுதிக் கேட்பதுண்டு. முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியதால் சித்த மருத்துவம் பற்றிய பேச்சே அதிகம் இருக்கும்.

சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, யோகா எல்லாமே ‘மாற்று மருத்துவம்’ தானே சார்? ஏன் தனித்தனியாகப் பேசுகிறீர்கள்?

இவற்றை ஒன்றாகச் சேர்த்தது நிர்வாக வசதி. 2014 நவம்பரில் ஆயுஷ் (ஆயுர்வேதம், யோகா, யுனானி, சித்தா, ஹோமியோபதி போன்ற முறைகளுக்கான சுருக்கப் பெயர்) தனி அமைச்சகமானது; அதன் கீழ் இவை எல்லாம் வருகின்றன. ஆனால் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் வேறு வேறு சங்கதிகள். சித்த மருத்துவம் மூலிகையோடு பாதரசம், கந்தகம் போன்ற தாதுக்களையும் கையாள்கிறது. ஹோமியோபதி ஜெர்மனியில் பிறந்தது. மருந்தை நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்பது அதன் அடிப்படை. இயற்கை மருத்துவம் மருந்தே வேண்டாம் என்கிறது. யோகா ஒரு பயிற்சி. ‘மாற்று மருத்துவத்தை நம்புகிறாயா’ என்று மொத்தமாகக் கேட்டால் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுமே பொருளற்ற பதில்கள்தாம்.

இன்னொரு பிரிவும் உண்டு. கீமோதெரபி எடுத்துக்கொண்டே மூச்சுப் பயிற்சி செய்கிறவர் துணை மருத்துவத்தைப் பயன்படுத்துகிறார். கீமோதெரபியை நிறுத்திவிட்டு லேகியம் சாப்பிடுகிறவர் மாற்று மருத்துவத்துக்குப் போய்விட்டார். மருத்துவமனையில் உங்கள் கவலை எல்லாம் இரண்டாமவரைப் பற்றியதாக இருக்கட்டும்.

தேர்வில் வராததை நான் ஏன் படிக்க வேண்டும்?

வார்டில் வரும் என்பதால். நீங்கள் பயிற்சி மருத்துவராகப் போகும் அரசு மருத்துவமனையின் வளாகத்திலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்க வாய்ப்பு அதிகம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. காலையில் உங்களிடம் சர்க்கரை மாத்திரை வாங்கிய அம்மாள், போகும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பூப் பொடியும் வாங்கிக்கொண்டு போகிறார். அவர் உடம்புக்குள் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

2022 முதல் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களுக்கு ஜூன் 12 முதல் 21 வரை யோகா பயிற்சியை தேசிய மருத்துவ ஆணையம் பரிந்துரைத்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் மூலிகைகளுக்கும் மாத்திரைகளுக்கும் உள்ள ஊடாட்டம் பற்றிச் சில மணி நேரமாவது மருந்தியலில் கட்டாயமாக நடத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிரைப் பாதிக்கும் பகுதி அதுதான்.

டாக்டருக்குப் படிப்பவர்கள் எதிர்க்கிறார்கள், நர்சிங் மாணவிகள் ஆதரிக்கிறார்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் நர்சிங், பார்மசி மாணவர்களின் மனப்பான்மை மருத்துவ மாணவர்களுடையதைவிடச் சாதகமாக இருப்பது மீண்டும் மீண்டும் தெரிகிறது. ஆனால் ‘எதிர்ப்பு’ என்பது மிகையான சொல். பெரும்பாலான மருத்துவ மாணவர்கள் நடுவில்தான் நிற்கிறார்கள். ‘இதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தாருங்கள்’ என்ற விருப்பம் மூன்று பிரிவினரிடமும் இருக்கிறது. தெரிந்துகொள்ள விரும்பும் அளவுக்கும் உண்மையில் தெரிந்த அளவுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் வருடம் நம்பினேன், மூன்றாம் வருடம் நம்பிக்கை போய்விட்டது. படிக்கப் படிக்க எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமா?

பலருக்கு ஆகிறது. லண்டனில் மருத்துவ மாணவர்களிடம் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வும், மேல் வகுப்பினரின் மனப்பான்மை முதலாண்டினருடையதைவிடக் குறைந்த சாதகம் கொண்டது என்றே காட்டியது. நோய்க்கூறியலும் மருந்தியலும் படித்தபின் ‘எப்படி வேலை செய்கிறது’ என்று கேட்கும் பழக்கம் வருகிறது, அது வளர்ச்சி.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த அவநம்பிக்கை சான்றுகளைப் படித்ததால் வந்ததா, மூத்த மருத்துவர்கள் ரவுண்ட்ஸில் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்து வந்ததா? ‘சித்த மருந்தா, உடனே நிறுத்துங்கள்’ என்று சொல்லும் மாணவரிடம் எந்த மருந்து, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பாட்டி சொன்னதை அப்படியே நம்புவதற்கும் பேராசிரியர் சொன்னதை அப்படியே நம்புவதற்கும் படிப்பளவில் வேறுபாடு கிடையாது.

பாட்டி கொடுத்த கஷாயத்தில் எனக்குக் காய்ச்சல் போனதே, அது சான்று ஆகாதா?

அது ஓர் அனுபவம். ஆய்வு தொடங்க அது போதும். முடிவுக்கு வரப் போதாது. வைரஸ் காய்ச்சல் சில நாட்களில் தானாகவே போய்விடும். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் குணமாக்கிய பெயர் அதற்குப் போய்ச் சேரும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைத் தேடுகிறோம்; உச்சத்துக்குப் பிறகு இறங்குமுகம்தான். ஆகவேதான் மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே அளவுகோல் இங்கிலீஷ் மருந்துக்கும் பொருந்தும். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிக் குணமானவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணப்படுத்தும் என்று லான்செட் இதழிலேயே வந்ததாமே? பிறகு ஏன் கல்லீரல் டாக்டர்கள் திட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வியை நிதானமாகப் பார்ப்போம். சான்று எப்படி வளர்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை.

1988-இல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்டகாலமாகச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு லான்செட்டில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் அந்த ஆய்வுப் பணியில் இணைந்திருந்தார். அதற்குப் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பிடமிருந்து 2011-இல் வந்த தொகுப்பாய்வு, நீடித்த ஹெபடைடிஸ் பி-க்கு இந்தச் செடியினம் பயன்படுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது. முதல் ஆய்வு நேர்மையானதுதான். ஆனால் சிறிய ஆய்வு தரும் பெரிய முடிவு, மறுபடி செய்தும் கிடைக்கும்வரை முடிவாகாது.

இனி மஞ்சள் காமாலைக்கு வருவோம். அது ஒரு அறிகுறி. ஒரே நோயின் பெயரன்று. நம் தெருக்களில் அதிகம் வருவது ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும். பெரும்பாலானோருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே அடங்கும். முந்தைய பதிலில் சொன்ன அதே கணக்குதான்: பெயர் கீழாநெல்லிக்கு. ஆனால் பித்தநாளத்தில் கல், கணையப் புற்று, கர்ப்பிணிக்கு வந்த ஹெபடைடிஸ் ஈ, காசநோய் மாத்திரையால் வந்த கல்லீரல் அழற்சி, இவை எல்லாவற்றிலும் கண் மஞ்சளாகத்தான் இருக்கும். இவற்றில் காத்திருந்த ஒவ்வொரு வாரமும் ஆபத்து. கல்லீரல் மருத்துவரின் கோபம் அந்தச் செடியின்மீது இல்லை; பரிசோதிக்காமல் கழிந்துபோன நாட்களின்மீது.

மூலிகையிலிருந்துதானே நவீன மருந்துகளே வந்தன? அப்படியென்றால் மூலத்தையே சாப்பிட்டால் என்ன?

வந்தன. சர்ப்பகந்தா வேர் இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்கியது. மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற இரத்த அழுத்த மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைச் சீனாவில் து யூயூ கண்டறிந்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார்.

து யூயூவின் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கப்படி செடியைக் கொதிக்க வைத்தபோது வீரியம் நிலைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் படித்துத்தான், சூடு குறைவாக இருக்கும்படி ஈதரில் பிரித்தெடுத்தார். பழைய நூலை அவர் மதித்துப் படித்தார். அது சொன்னதைச் சோதனைக்கும் உட்படுத்தினார். மாணவர்களிடம் நான் எதிர்பார்க்கும் மனப்பான்மை இதுதான். மூலத்தையே சாப்பிடுவதைப் பற்றி: செடியில் மருந்தின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். இரத்த அழுத்தத்தையோ மலேரியாவையோ அப்படி ஊகத்தில் விட முடியாது.

இயற்கையானதுதானே, பக்கவிளைவு இல்லை என்று நோயாளிகள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அரளி விதையும் இயற்கையானதுதான் என்று சொல்லலாம். ஆனால் அது வாயை அடைக்கும் பதில். குறிப்பான தகவல்களைச் சொல்லுங்கள். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனச் செடி மாறிக் கலந்ததுதான் காரணம். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனம். அவற்றிலுள்ள அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உறுதிப்பட்டிருக்கிறது.

கோவிட் காலத்தில் நோய் எதிர்ப்புக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். வேறு இனக் கொடி கலந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மறுநாள் வார்டுக்கு வரும் நோயாளிக்கு இரண்டு விளக்கமும் ஒன்றுதான்: பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு சொன்னது. காரணம் தெரியாத வயிற்றுவலியும் இரத்தசோகையும் சேர்ந்து வந்தால், உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சாப்பிட்டாரா என்று கேட்டு, இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பாருங்கள்.

எந்தெந்த மூலிகை எந்தெந்த மாத்திரையோடு சேராது? ஒரு பட்டியல் கொடுங்கள் சார்.

பட்டியலை மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். காரணத்தோடு நினைவில் வையுங்கள். அதிமதுரம் உடலில் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஃபுரோசமைடு, டிகாக்சின் எடுக்கும் இதய நோயாளிக்கு அது ஆபத்து. மலச்சிக்கலுக்கு நாள்தோறும் நிலாவாரை எடுப்பவருக்கும் பொட்டாசியம் குறையலாம். பாகற்காயும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடும். குளோர்புரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த ஒருவர் பாகற்காய்க் கறி சாப்பிட்டபோது நேர்ந்ததை லான்செட் 1979-இலேயே வெளியிட்டது. வாரத்துக்கு ஒருநாள் பொரியல் சாப்பிடுவதைத் தடுக்க வேண்டாம். தினமும் வெறும் வயிற்றில் சாறு குடிப்பவரை விசாரியுங்கள்.

மிளகைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரிகடுகில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் உண்டு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவை அது உயர்த்துவது மனிதர்களிடம் காட்டப்பட்டிருக்கிறது. துணைமருந்தாகத் திரிகடுகைச் சேர்த்த பழைய வைத்தியர்கள் ஏதோ ஒன்றைக் கவனித்துத்தான் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வலிப்பு மாத்திரை எடுப்பவர் தினமும் திரிகடுகுச் சூரணம் சாப்பிடுவதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

நோயாளியிடம் ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறார்கள். பிறகு பையில் பொட்டலம் இருக்கிறது. ஏன் பொய் சொல்கிறார்கள்?

பொய் இல்லை. அவர்களுக்கு ‘மருந்து’ என்றால் மாத்திரையும் ஊசியும்தான்; கஷாயம் வீட்டுச் சாப்பாட்டோடு சேர்ந்தது. அதை நீங்கள் மருந்தாகக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திட்டு விழும் என்ற பயமும் உண்டு. இது உலகப் பொதுவான சிக்கல். அமெரிக்காவில் 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மரபுக்கு மாறான சிகிச்சைகளைப் பயன்படுத்தியவர்களில் 72 விழுக்காட்டினர் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘கஷாயம், சூரணம், லேகியம், நாட்டு மருந்துக் கடைப் பொடி ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா அம்மா? யார் கொடுத்தது? பொட்டலம் கையில் இருக்கிறதா?’ நல்ல பதில் பெரும்பாலும் நர்சிங் மாணவிகளுக்கே கிடைக்கிறது. அவர்கள் கட்டிலருகே கூடுதல் நேரம் நிற்கிறார்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் ‘அற்புதமாக’ வேலை செய்யும் பெயரில்லாத பொடி என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தச் சொல்வதும் ஆபத்து; ஸ்டீராய்டால் அட்ரினல் சுரப்பி ஒடுங்கியிருந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தும் முன் மூத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டெங்கு வார்டில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் என்ன செய்வது?

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. தமிழக அரசே டெங்கு காலங்களில் பரவலாக விநியோகித்தது. சோதனைக்கூட அளவில் நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. டெங்கு மரணத்தைக் குறைக்கிறது என்று நிறுவும் அளவுக்கான பெரிய ஒப்பீட்டுச் சோதனை வரவில்லை. பணியில் இருக்கும்போது ஆணைப்படி கொடுங்கள். வாந்தி எடுப்பவருக்கு, வாய்வழி எதுவும் கூடாதவருக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கவனம் வேறு இடத்தில் இருக்கட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ‘குடிநீர் குடித்தேன், காய்ச்சல் விட்டது’ என்று வீட்டுக்குப் போகத் துடிக்கிறவரிடம் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோமியோபதியைப் பற்றி நேராகச் சொல்லுங்கள். அதில் மருந்து இருக்கிறதா இல்லையா?

30சி என்று எழுதியிருந்தால், ஒன்றுக்குப் பின் 60 சுழியம் போட்ட மடங்கு நீர்த்தது என்று பொருள். 12சி-யைத் தாண்டினாலே மூலப் பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு மிகக் குறைவு. அவகாட்ரோ எண்ணை வைத்து நீங்களே கணக்கிடலாம். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-இல் எந்த நோய்க்கும் நம்பகமான சான்று இல்லை என்று அறிவித்தது. என் முடிவும் அதுவே. ஆனால் ஹோமியோபதி மருத்துவர் நோயாளியிடம் உட்கார்ந்து தூக்கம், பயம், குடும்பம் எல்லாம் விசாரிக்கிறார். நோயாளிகள் அதைத் தேடித்தான் போகிறார்கள் என்றால், நம் வெளிநோயாளர் பிரிவில் என்ன குறைகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

நான் சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். படிக்கிறேன். எம்.பி.பி.எஸ். நண்பர்கள் மட்டமாகப் பேசுகிறார்கள். நாங்களும் ஐந்தரை ஆண்டுதானே படிக்கிறோம்?

ஆம், பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுதான். உடற்கூறியலும் உடலியங்கியலும் நீங்களும் படிக்கிறீர்கள். அந்தப் பேச்சு தவறு, அதை நான் கண்டிக்கிறேன். அதற்கான வலுவான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. மருந்துச் சரக்குகளைப் பற்றிய குணபாடத்தில் நீங்கள் படிக்கும் ஒரு சரக்கை எடுத்து, அதன் நச்சுத்தன்மையையும் இதுவரை நடந்த ஆய்வுகளையும் அவர்கள் முன் வையுங்கள். பாதரசம் சேர்ந்த மருந்துகளைப் பற்றிக் கடினமான கேள்விகளை முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தாம். வெளியிலிருந்து கேட்பவரைவிட உங்களுக்கே அது நன்றாகத் தெரியும். ‘எங்கள் மருந்தில் பக்கவிளைவே இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நூல்களே பத்தியமும் நச்சு முறிவும் சொல்கின்றன.

சித்தா முடித்தவர் அலோபதி மருந்து எழுதலாமா? நாங்கள் சித்த மருந்து எழுதலாமா?

1996-இல் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி தகுதி பெற்றவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்ததை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ஒரு மருத்துவ முறையில் அறிவில்லாமல் அந்த முறையில் வைத்தியம் செய்பவர் போலி மருத்துவரே என்று அது சொன்னது. அந்த விதி இரு பக்கமும் வெட்டும். கல்லீரல் நலத்துக்கென்று மூலிகை மாத்திரைகளை யோசிக்காமல் எழுதித் தள்ளும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களும் அதைப் படிக்க வேண்டும். சில மாநிலங்கள் தனி ஆணைகளால் வரம்பை மாற்றியிருக்கின்றன. உங்கள் மாநிலக் கவுன்சிலின் நடப்பு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரவுண்ட்ஸில் பேராசிரியர் நோயாளியை ‘இலை தழையைத் தின்றுவிட்டு இங்கே ஏன் வந்தாய்’ என்று திட்டினார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாணவியாக நான் என்ன செய்ய முடியும்?

அந்த இடத்தில் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. ரவுண்ட்ஸ் முடிந்தபின் திரும்பிப் போங்கள். நான் மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். பொட்டலத்தைப் படம் எடுத்துக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அன்று திட்டு வாங்கியவர் அடுத்தமுறை எதையும் சொல்ல மாட்டார். அடுத்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் சொல்ல மாட்டார். பாதிப்பு மருந்தால்தான் என்று சந்தேகம் எழுந்தால், 2010 முதல் இயங்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்பலாம். உங்கள் மருந்தியல் துறையிலேயே அதற்கான படிவம் இருக்கும். இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு ஆயுஷ் அமைச்சகம் நடத்தும் தனிக் கண்காணிப்பும் இருக்கிறது.

இந்த விஷயத்திலேயே மாணவர்களின் மனப்பான்மை பற்றி ஆய்வு செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழங்கும் குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சர்வதேச வினாநிரல்கள் உண்டு. ஆனால் அவற்றை அப்படியே நம் மாணவர்களிடம் நீட்டாதீர்கள். அக்குபங்சர், கைரோபிராக்டிக் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். வர்மம், நிலவேம்பு, பத்தியம் பற்றிக் கேளுங்கள். முதல் பதிலில் சொன்னபடி ஒவ்வொரு முறைக்கும் தனிக் கேள்வி வையுங்கள்.

முதலாண்டையும் மூன்றாமாண்டையும் ஒரே வாரத்தில் கேட்டு ‘நம்பிக்கை குறைந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் வேறு வேறு ஆட்கள். முடிந்தால் அதே மாணவர்களை இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி கேளுங்கள். ‘நம்புகிறீர்களா’ என்பதோடு நிறுத்தாமல், ‘கடைசியாகப் பார்த்த ஐந்து நோயாளிகளில் எத்தனை பேரிடம் நாட்டு மருந்து பற்றிக் கேட்டீர்கள்’ என்றும் ஒரு கேள்வி சேருங்கள். உங்கள் ஆய்வேட்டில் நான் முதலில் தேடிப் படிக்கப்போவது அந்த விடையைத்தான். வினாநிரலின் வரைவு தயாரானதும் காட்டுங்கள், சேர்ந்து திருத்துவோம்.